சிறிய விமானத்தின் இன்ஜின் மவுண்டில் விரிசல்: அறிகுறி வாரியாகத் தேடும் முறை

இன்ஜினை மூடும் தகடான கௌலிங்கைக் கழற்றியதும் துணியும் கரைப்பானும் எடுத்து இன்ஜின் பகுதியைப் பளிச்சென்று துடைத்துவிடுவது நம்மில் பலருக்குக் கைவந்த பழக்கம். மவுண்டைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அந்தத் துணியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். துருக்கோடு, கறுப்புப் பொடி, எண்ணெய் வழிந்த தடம் எல்லாம் நமக்குத் துப்புக் கொடுப்பவை. துடைத்தால் போச்சு. முதல் சுற்று அழுக்கோடு, இரண்டாவது சுற்று கழுவிய பிறகு.

இங்கே பேசுவது குழாய்களை வெல்டு செய்து கட்டிய மவுண்டைப் பற்றி. செஸ்னா 172, பைப்பர் பிஏ-28 போன்ற விமானங்களில் இன்ஜினைத் தாங்குவது அதுதான். குழாய் பெரும்பாலும் 4130 என்கிற குரோம்-மாலிப்டினம் ஸ்டீல். சுவர்த் தடிமன் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கு அப்படி இப்படித்தான். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடினால், சுற்றுக்கு இரண்டு வெடிப்பு வீதம் ஒரு மணி நேரத்தில் 2,88,000 தட்டல் விழுகிறது. அத்தனையும் இந்தச் சட்டத்தின் வழியாகத்தான் ஃபயர்வாலுக்கு, அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவருக்கு, போயாக வேண்டும். இன்ஜினுக்கும் மவுண்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் புஷ் நன்றாக இருக்கும்வரை அதில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும். ரப்பர் கெட்டாலோ, போல்ட் தளர்ந்தாலோ, குழாயில் ஒரு பள்ளம் விழுந்தாலோ, சுமை முழுக்க ஏதோ ஒரு வெல்டின் ஓரத்தில் போய்க் குவியும். நாளடைவில் அங்கே உலோகம் களைத்து விரியும். ஹேங்கரில் இதைத்தான் ஃபட்டீக் கிராக் என்கிறோம். என் கணக்கில் விரிசல் பெரும்பாலும் இரண்டாவது கோளாறு. முதல் கோளாறு பக்கத்திலேயே எங்கோ உட்கார்ந்திருக்கும். அதையும் சேர்த்துப் பிடிக்காவிட்டால் புது மவுண்டும் அதே இடத்தில் விரியும்.

கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் ஆஃப், சாவி வெளியே, எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் பிடி முழுக்க வெட்டிய நிலையில், சக்கரங்களுக்குக் கட்டை. சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால் ப்ராப்பெல்லரைக் கையால் அசைத்தாலே இன்ஜின் ஓர் உதை உதைக்கலாம். எந்நேரமும் சுழலும் என்று நினைத்தே பக்கத்தில் நில்லுங்கள். கருவி என்று பார்த்தால் நல்ல டார்ச், கைப்பிடி நீண்ட சின்னக் கண்ணாடி, 10 மடங்கு லென்ஸ் போதும், தொடங்குவதற்கு.

பெயின்டில் மெல்லிய துருக்கோடு

வெல்டின் ஓரத்தில் தலைமுடி அளவுக்குப் பழுப்புக் கோடு. மவுண்டுக்கு வெள்ளை, வெளிர் சாம்பல் மாதிரி நிறம் பூசுவதன் பயனே இதுதான். கறுப்புப் பெயின்டில் இந்தக் கோடு கண்ணில் படவே படாது. பவுடர் கோட்டிங் செய்த மவுண்டு இன்னும் மோசம். பூச்சு தடிமனாகவும் இழுத்தால் வளைந்து கொடுப்பதாகவும் இருப்பதால், அடியில் ஸ்டீல் பிளந்த பிறகும் மேலே ஒன்றும் தெரியாமல் கொஞ்ச காலம் தாங்கும்.

எங்கே பார்ப்பது? வெல்டின் முதுகை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அதன் கரை, அதாவது வெல்டு முடிந்து குழாய் தொடங்கும் அந்த ஒரு கோடு. வெல்டின் சூட்டில் குணம் மாறிய உலோகமும் அங்கேதான், வடிவம் திடீரென்று மாறுவதும் அங்கேதான். அப்புறம் மூலைத்தகட்டின் நுனி. மூன்று நான்கு குழாய்கள் ஒன்றாகக் கூடும் முடிச்சு. இன்ஜின் போல்ட் உட்காரும் காதுகளைச் சுற்றி. ஃபயர்வால் பக்கத்துக் கால்களின் அடி. பிஏ-28 போல மூக்குச் சக்கரமும் மவுண்டிலேயே தொங்கும் விமானமானால் அந்தத் தாங்கியின் வெல்டுகளுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். குழாயோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தால்தான் கோட்டுக்கு நிழல் விழும். பின்பக்கத்தைக் கண்ணாடியில் பாருங்கள். பார்ப்பதற்குச் சிரமமான பக்கத்தில்தான் விரிசல் இருக்கும் என்பது என் மூடநம்பிக்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தைப் போன தடவையும் யாரும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

கோடு தெரிந்தால் முதலில் போட்டோ. பிறகு துணியில் கரைப்பான் தொட்டு லேசாகத் துடையுங்கள். மேலிருந்து வழிந்து காய்ந்த துரு என்றால் துணியோடு வந்துவிடும், அடியில் பெயின்ட் முழுசாக இருக்கும். பெயின்டே பிளந்திருக்கிறது, பிளவு வெல்டின் கரையோடு ஓடுகிறது, துடைத்த பிறகும் உள்ளே பழுப்பு நிற்கிறது என்றால் கண் பார்வைச் சோதனை அங்கே முடிந்தது. இன்னும் இரண்டு பறப்பு பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெயின்டை எடுத்துவிட்டு டை பெனிட்ரன்ட், அதாவது விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம், போட வேண்டியதுதான்.

டை பெனிட்ரன்ட் போடும்போது

சோதனை எளிது. அதைக் கெடுப்பது அதைவிட எளிது. பெயின்டை எடுக்கக் கம்பி பிரஷ்ஷோ மணல் வீச்சோ கூடாது. மேல் உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும், சாயம் உள்ளே போகாது. வேதிப் பெயின்ட் ரிமூவரால் எடுத்து, அதன் மிச்சம் இல்லாமல் கழுவி, நன்றாக உலர விடுங்கள். விரிசலுக்குள் கரைப்பானோ எண்ணெயோ நிறைந்திருந்தால் சாயத்துக்கு இடமில்லை.

சிவப்புச் சாயத்தைப் பூசிவிட்டு டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காத்திருங்கள். பொதுவாக 10 முதல் 20 நிமிடம். குளிர்ந்த ஸ்டீலில் கூடுதல் நேரம் வேண்டும். மிகையான சாயத்தை எடுக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். கிளீனரைக் குழாயின் மேல் நேராக அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். முதலில் உலர்ந்த துணி, பிறகு கிளீனர் லேசாகத் தொட்ட துணி, அவ்வளவுதான். ஊறிய சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பூச்சான டெவலப்பரை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அடியில் உலோகம் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக அடியுங்கள். சுண்ணாம்பு அடித்த மாதிரி கெட்டியாகப் போட்டால் மெல்லிய விரிசல் அதற்குள்ளேயே புதைந்துபோகும்.

அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். முதல் நிமிடங்களில் என்ன வருகிறது என்பதுதான் செய்தி. விரிசல் கூர்மையான சிவப்புக் கோடாக எழும்பி, பிறகு மெல்ல அகலும். வெல்டில் உள்ள காற்றுத்துளை புள்ளியாக வரும். வெல்டின் கரையில் இயல்பாகவே உள்ள பள்ளத்தில் சாயம் தங்கியிருந்தால் ஓரம் மங்கிய அகலப் பட்டை தெரியும். அப்படி வந்தால் மறுபடி சுத்தம் செய்து முதலிலிருந்து தொடங்குங்கள். இரண்டாவது முறையும் அதே இடத்தில் அதே கோடு வந்தால் அது பள்ளமில்லை. 10 நிமிடம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

புற ஊதா விளக்கில் ஒளிரும் வகைச் சாயம் இன்னும் நுணுக்கமானது. ஆனால் முன்பு சிவப்புச் சாயம் போட்ட இடத்தில் அதை நம்ப வேண்டாம். மிச்சமிருக்கும் சிவப்பு அதன் ஒளிர்வை மங்கடித்துவிடும்.

மவுண்டு காந்தம் ஒட்டும் ஸ்டீல் என்பதால், கழற்றி மேசையில் வைத்த பிறகு காந்தத் துகள் சோதனையே மேல். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உள்ளதும் தெரியும். காந்தப் புலம் விரிசலைக் குறுக்கே வெட்டிப் போனால்தான் துகள் கூடும். ஆகவே ஒரே இடத்தை இரண்டு திசையில் சோதிக்க வேண்டும். முடிந்ததும் காந்தம் நீக்க மறந்தால் விமானத்தின் காம்பஸ் பொய் சொல்லத் தொடங்கும்; காரணம் தெரியாமல் வேறொருவர் நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வார்.

ஸ்பின்னர் இறங்கித் தெரிகிறது

ப்ராப்பெல்லரின் நடுவில் உள்ள கூம்பு மூடியான ஸ்பின்னருக்கும் கௌலிங்கின் மூக்குக்கும் நடுவே மேலே இடைவெளி கூடி, கீழே குறைந்திருக்கும். சிலருக்கு இதைப் பார்த்ததும் மவுண்டு முறிந்துவிட்டது என்று வயிற்றைக் கலக்கும். பத்தில் ஒன்பது தடவை ரப்பர்தான். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இன்ஜினை வருடக்கணக்கில் சுமந்து அது அமுங்கிவிடுகிறது.

மேல், கீழ், இடம், வலம் நான்கு பக்கமும் இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. போன ஆய்வின் அளவு கையில் இருந்தால் கதை உடனே புரியும்: வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் ரப்பர், ஒரே மாதத்தில் சட்டென்று இறங்கினால் அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்தால் விரிசலோ போல்டோ. கௌலிங்கின் உள்பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாய் உரசிய தடமோ கருகலோ புதிதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து ப்ராப்பெல்லரின் அடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். நல்ல ரப்பர் மெத்தென்று அசைந்து திரும்பி வரும். 'டக்' என்று உலோகம் மோதும் சத்தம் வந்தால் யாராவது ஒருவரை மவுண்டில் விரல் வைத்திருக்கச் சொல்லி மறுபடி தூக்குங்கள். மோதும் இடம் விரலில் தெரியும்.

ரப்பரில் வெடிப்பு, உலோகத் தட்டிலிருந்து பிரிந்திருத்தல், எண்ணெயில் ஊறி உப்பியிருத்தல், சுற்றிலும் கறுப்பு ரப்பர்ப் பொடி, இதில் எது இருந்தாலும் மாற்றுங்கள். மாற்றுவது என்றால் எல்லாப் போல்டிலும் சேர்த்து ஒரே தடவையாக. மேல் துண்டும் கீழ் துண்டும் பல மாடல்களில் வெவ்வேறு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பாகப் பட்டியலைப் பார்க்காமல் போடக்கூடாது. நடுவில் வரும் ஸ்பேசர் குழாயை விட்டுவிட்டு முடுக்கினால் ரப்பர் நசுங்கிக் கல்லாகிவிடும், தட்டல் முழுக்க வெல்டுக்குப் போகும். ரப்பர் போன மவுண்டு எத்தனை மணி நேரம் அப்படியே பறந்ததோ, அத்தனை மணி நேரமும் வெல்டுகள் தனியாக அடி வாங்கியிருக்கின்றன. அதனால் புது ரப்பர் போட இன்ஜினைத் தூக்கும் அன்றே, வழக்கமாகக் கண்ணுக்கு எட்டாத காதுகளின் உள்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

புதிதாக ஒரு அதிர்வு

இந்த அறிகுறியை வைத்து நேராக மவுண்டுக்குப் போகாதீர்கள். ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், ப்ராப்பெல்லரின் பேலன்ஸ், ஸ்பின்னர் தட்டில் வெடிப்பு என்று மலிவான காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. அவற்றை முடித்துவிட்டு வாருங்கள். மவுண்டைச் சந்தேகிக்க வைப்பது ஒரு குறிப்பிட்ட சுற்று வேகத்தில் மட்டும் வந்து போகும் நடுக்கம். சட்டத்தின் விறைப்பு மாறினால் அது ஒத்ததிரும் வேகமும் இடம் மாறும். முன்பு இல்லாத வேகத்தில் இப்போது நடுங்குகிறது என்று பைலட் சொன்னால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். இன்ஜினை அணைக்கும் கடைசி நொடியில் குலுக்கல் கூடியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

போல்ட் தலையைச் சுற்றிப் பொடி

ஃபயர்வாலில் மவுண்டு உட்காரும் இடத்தில், வாஷரின் விளிம்பிலிருந்து புகை கிளம்பிய மாதிரி ஒரு கறை. அலுமினியத்தோடு உரசினால் கறுப்பு, ஸ்டீலோடு ஸ்டீல் உரசினால் செம்பழுப்பு. இரண்டு பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நகர்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நட்டு நகர்ந்தால் காட்டிக்கொடுக்க அதன் மேல் பெயின்டால் இழுத்த டார்க் சீல் கோடு உடைந்திருந்தால் சந்தேகமே இல்லை.

இங்கே ஸ்பானரை எடுத்து இரண்டு இழு இழுத்து, சரி, இறுகிவிட்டது என்று கௌலிங்கை மூடுவதுதான் நான் பார்த்ததிலேயே கெட்ட பழக்கம். தளர்ந்த போல்ட் எவ்வளவு காலம் தளர்ந்திருந்ததோ தெரியாது. அதற்குள் அதன் உடல் தேய்ந்திருக்கலாம், துளை முட்டை வடிவம் ஆகியிருக்கலாம், மற்ற மூன்று கால்களும் கூடுதல் சுமையைச் சுமந்திருக்கலாம். இன்ஜினைத் தூக்கியில் தாங்கவைத்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு போல்டை மட்டும் எடுங்கள். உடலை விரலால் உருட்டினாலே இடுப்பு சிறுத்திருப்பது தெரியும். மைக்ரோமீட்டர் மீதியைச் சொல்லும். சந்தேகப்பட்ட போல்டைத் திருப்பிப் போடாதீர்கள். அந்தக் காலின் வெல்டுக்கும், அதற்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள காலின் வெல்டுக்கும் டை பெனிட்ரன்ட் போடுங்கள்.

மாட்டும்போது போல்டின் தலையை அசையாமல் பிடித்து, முடுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சை நட்டில் வையுங்கள். அளவு அந்த விமானத்தின் கையேட்டிலிருந்து. ஃபயர்வாலுக்கு முன்பக்கம் நைலான் வளையம் வைத்த லாக் நட் வேண்டாம். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் பிடி போய்விடும். முழு உலோக லாக் நட்டோ, குறுக்கே பூட்டுப் பின் செருகிய கோட்டை நட்டோ, கையேடு சொல்வது எதுவோ அது.

குழாயில் பளபளக்கும் பள்ளம்

ஒரு பயிற்சி விமானத்தில் வழக்கமான ஆய்வு. மேல் இடது குழாயில் ஒயர் கற்றை ஒன்றைப் பிளாஸ்டிக் கேபிள் டையால் கட்டியிருந்தார்கள். டையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குத் துரு. ஒயரின் அழுக்கு என்று நினைத்துக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அடுத்த தடவை கௌலிங்கைத் திறந்தபோது அதே இடத்தில் அதே துரு. டையை வெட்டி எடுத்தேன். அடியில் குழாயைச் சுற்றிப் பளபளவென்று ஒரு பள்ளம். நகத்தை ஓட்டினால் மாட்டிக்கொண்டு நின்றது. டையின் உள்பக்கம் மணல்தாள் போலச் சொரசொரத்தது. நைலானில் தூசி பதிந்து, அதிர்வு இழுக்க இழுக்க, ஸ்டீலை அரம் போல அறுத்திருக்கிறது. டை தளர்வாக இருந்ததுதான் வினை. மெத்தென்ற பிளாஸ்டிக் ஸ்டீலை என்ன செய்யும் என்று நானே ஒரு காலத்தில் கேட்டவன்.

அந்தப் பள்ளத்தில் விரிசல் இல்லை. ஆனாலும் மவுண்டைக் கழற்றி இறக்கினோம். ஒரு மில்லிமீட்டர் சுவரில் கால்வாசி போய்விட்டால் அது சின்ன விஷயமில்லை. குழாயைச் சுற்றி ஓடும் பள்ளம் விரிசலுக்குப் போட்டுக்கொடுத்த பாதை மாதிரி.

ஆகவே மவுண்டுக் குழாயைத் தொடும் எல்லாவற்றையும் நகர்த்திப் பாருங்கள்: ரப்பர் தேய்ந்த கிளாம்ப், காற்றுக் குழாயின் உள்ளே ஓடும் கம்பிச் சுருள், த்ராட்டில் கேபிள், எரிபொருள் ஹோஸ். பள்ளத்தை அரம் போட்டுச் சமன் செய்யலாமா என்றால், அனுமதிக்கும் ஆழம் விமானத்துக்கு விமானம் மாறும். கையேட்டில் எண் இல்லாவிட்டால் தயாரிப்பாளரைக் கேளுங்கள். கட்டும் இடத்தில் கேபிள் டைக்குப் பதில் அளவு பொருந்திய ரப்பர் கிளாம்ப் போடுங்கள்.

முரட்டுத் தரையிறக்கத்துக்குப் பிறகு

மூக்குச் சக்கரத்தில் மோதி இறங்கினால், ப்ராப்பெல்லர் தரையில் பட்டால், அல்லது மூக்குச் சக்கரம் ரொம்ப நாளாகப் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தால் மவுண்டும் சந்தேகப் பட்டியலில். முதலில் ஃபயர்வால். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தகட்டில் சுருக்கம் தெரியும். 172-இல் மூக்குச் சக்கரம் ஃபயர்வாலில் மாட்டியிருப்பதால் அங்கேதான் முதல் அடையாளம். பிஏ-28-இல் மவுண்டே அடி வாங்கும்.

குழாய் ஒவ்வொன்றின் நீளத்திலும் கண்ணை வைத்து நேராகப் பாருங்கள். வளைவு சந்தேகமானால் நேர்க்கோல் வைத்து அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். வளைந்த குழாயின் இரண்டு முனை வெல்டுகளும் இழுபட்டிருக்கும். நடுவில் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்திருந்தால் அந்த இடத்தில் உலோகம் நீண்டிருக்கிறது. இந்த மாதிரிச் சம்பவத்துக்குப் பிறகு கண் பார்வையில் ஒன்றுமில்லை என்பதோடு நான் நிறுத்துவதில்லை. அன்று தெரியாத நுண்விரிசல் நூறு மணி நேரம் கழித்து வளர்ந்து வரும்.

குழாயிலிருந்தே எண்ணெய்

அபூர்வம், ஆனால் தெரிந்தால் தெளிவான சாட்சி. உள்துரு வராமல் இருக்கச் சில குழாய்களுக்குள் ஆளி விதை எண்ணெய் விட்டு அடைத்திருப்பார்கள். இன்ஜின் எண்ணெய்க்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், துடைத்த பிறகும் அதே வெல்டின் ஓரத்தில் பிசுபிசுப்பு திரும்பி வந்தால் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. வழி இல்லாமல் வராது.

விரிசல் உறுதியானால்

விமானம் பறக்காது. இதில் பேரம் இல்லை. விரிசலின் நுனியில் துளை போட்டு நிறுத்துவது தகட்டுக்கான வைத்தியம். அழுத்தமும் முறுக்கும் வாங்கும் மெல்லிய குழாயில் அந்தத் துளையே அடுத்த விரிசலுக்கு வாசல். இருக்கிற வெல்டின் மேல் இன்னொரு வெல்டு பூசுவதும் அப்படித்தான். சட்டம் இன்ஜினோடு மாட்டியிருக்கும்போது பற்றவைத்தால், சூட்டில் குழாய் இழுத்து அடுத்த முடிச்சில் புது இறுக்கத்தை வைத்துவிட்டுப் போகும்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ வெளியிட்ட ஏசி 43.13-1பி வழிகாட்டி, பழுதான குழாய்க்குப் பெரிய விட்டமுள்ள குழாயைப் பழைய தண்டின் மேல் செருகி, முனையை மீன்வாய் வடிவில் வெட்டி, துளை வெல்டும் சேர்த்துப் பற்றவைப்பதையே விரும்பத்தக்க முறையாகச் சொல்கிறது. இன்ஜின் காதுக்குப் பக்கத்தில் மவுண்டின் வளையத்தில் வரும் சின்ன விரிசலுக்குப் பழுதுபார்க்க வழி உண்டு. வளையம் பெரிதாகச் சேதமானால் தனி ஒப்புதல் இல்லாமல் கை வைக்கக்கூடாது. இதெல்லாம் அளவுச் சட்டத்தில் பூட்டி, அந்த வேலைக்கு உரிமம் உள்ளவர்கள் செய்வது. கழற்றும் முன் வால் பக்கத்துக்குத் தாங்கி வையுங்கள். இன்ஜின் இறங்கியதும் மூக்குச் சக்கர விமானம் வாலில் உட்கார்ந்துவிடும்.

லாக்புக்கில் 'மவுண்டில் விரிசல்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். பைலட் இருக்கையிலிருந்து பார்த்தால் எந்தக் குழாய், எந்த முனை, வெல்டின் எந்தக் கரை, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். அதோடு முதல் கோளாறு எது என்பதையும்: அமுங்கிய ரப்பரா, தளர்ந்த போல்டா, கேபிள் டையா. பழுதுபார்த்த மவுண்டை மாட்டிய பிறகு நான் முதல் 25 மணி நேரத்தில் ஒரு தடவை கௌலிங்கைத் திறந்து, டார்க் சீல் கோடுகளையும் புது வெல்டின் கரைகளையும் பார்ப்பேன். அந்தத் தடவையும் துணியைத் தொடுவதற்கு முன்னால்தான்.